பன்னிரண்டு நிலக்கரி வேகன்: வாங்குவதா, ஒட்டுவதா, வார்ப்பதா?

தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அக்கா மகன் கையில் முறுக்குத் தட்டோடு நேராகப் பின்னறைக்குள் போய்விட்டான். என் கூட்ஸ் வண்டிகள் இருப்பது அங்கேதான். ஒரு நிலக்கரி வேகனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவன், "மாமா, இதை எங்கே வாங்கினீங்க?" என்றான். செய்தது என்றேன். "இந்தத் துரு?" அதுவும் செய்ததுதான். எண்ணெய்க் கையோடு தொட்டதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு போனான். இரண்டு வாரம் கழித்து போன். அவனுக்கும் ஒரு நிலக்கரி ரயில் வேண்டுமாம், 12 வேகன், டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் அவன் அறைச் சுவரோரமாக 3 மீட்டர் பலகை அடித்தாயிற்றாம், எந்த வழியில் போனால் நல்லது என்று கேட்டான். போனில் சொன்னது அரைகுறை. அதே கேள்வியை வேறு இரண்டு பேரும் கேட்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம்: ஒரு பக்கச் சுவரையும் ஒரு முனைச் சுவரையும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் கையால் செய்யுங்கள், மீதிச் சுவர்கள் எல்லாவற்றையும் அதிலிருந்து அச்செடுத்து, ஊற்றினால் கெட்டியாகும் ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் வேகனை வாங்குவது, எல்லாவற்றையும் கையால் வெட்டி ஒட்டுவது, முப்பரிமாணப் பிரிண்டரில் எடுப்பது ஆகிய மூன்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வேகன் வேண்டுமென்றால் மூன்றுமே நல்ல வழிதான். 12 வேண்டும் என்று சொன்னவுடன் கணக்கு மாறிவிடுகிறது, ஏனென்றால் நான்காவது வேகனில் கை சலித்துப்போகும். ஐந்தாவதைத் தொடவே மாட்டோம். என் அலமாரியில் 2016 முதல் மூன்று வேகன்களோடு நின்றுபோன ஒரு சிமெண்ட் ரயில் இருக்கிறது, சாட்சிக்கு.

வழியைத் தேர்வதற்கு முன்னால் அளவு. தென்னாப்பிரிக்காவில் ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு இது தீராத தலைவலி. நம் மெயின் லைன் தண்டவாளங்களுக்கு நடுவே 1067 மில்லிமீட்டர்தான், கேப் கேஜ். உலகம் முழுக்க மலிவாகக் கிடைக்கும் மாடல் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், அது 1:87 கணக்கில், அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்காகச் சுருக்கினால், 1435 மில்லிமீட்டர் பாதைக்குச் சமம். ஆக 1:87 வேகனை 16.5 மேல் ஓட்டினால் வண்டிக்குக் கீழே தண்டவாளம் அகன்று தெரியும், சின்னப் பையன் அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது போல. சரியாக வேண்டுமென்றால் 1:87க்கு 12.26 மில்லிமீட்டர் தேவை, 12 மில்லிமீட்டர் தண்டவாளம் பெக்கோ போன்றவர்களிடம் உண்டு, ஆனால் அதற்குப் போகிகளையும், அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்களையும், இன்ஜினையும் நாமேதான் ஒடுக்க வேண்டும். இன்னொரு பக்கமாக யோசித்தால் 16.5 தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியைப் பெரிதாக்கலாம், 1067ஐ 64ஆல் வகுத்தால் 16.67, கிட்டத்தட்ட கச்சிதம். 1:64ஐ இங்கே எடுத்துக்கொள்வது அதனால்தான். இடமே இல்லாதவர்களுக்கு 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் 1:120 இருக்கிறது, அதுவும் 1080 வந்துவிடும், ஆனால் அந்த அளவில் துருவை வரைய எனக்குக் கண் இல்லை, நான் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

டர்பனில் பாயிண்ட் என்ற துறைமுகப் பகுதியிலிருந்து ஊருக்குள் முதல் ரயில் ஓடியது 1860 ஜூன் 26 அன்று. கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் இதே துறைமுகத்துக்கு வந்தது அதே வருடம் நவம்பர் 16. அந்த முதல் ரயில் ஓடியது 1435 மில்லிமீட்டர் பாதையில், பிறகுதான் டர்பன் இருந்த நேட்டால் காலனி குறுகலான பாதைக்கு மாறியது. ஆகவே 1:87 வேகனை 16.5 தண்டவாளத்தில் ஓட்டுகிறவர்களிடம் "பரவாயில்லை, நீங்கள் 1860ஐச் செய்கிறீர்கள்" என்று கிண்டல் அடிப்பேன்.

நானே 1:64காரன். இன்னொரு காரணம், நேட்டால் கரும்புத் தோட்டங்களில் ஓடியது 610 மில்லிமீட்டர் குட்டிப் பாதை, அதை 64ஆல் வகுத்தால் 9.5, அதாவது மெயின் லைன் பக்கத்திலேயே 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தைப் போட்டுக் கரும்பு வண்டியும் விடலாம். நம் முன்னோர்கள் வெட்டிய கரும்பு அப்படித்தான் ஆலைக்குப் போனது. ஆனால் அக்கா மகனுக்கு நான் 1:64 சொல்லவில்லை. ஒரு பெரிய நிலக்கரி வேகன் சுமார் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1:64ல் அது 187 மில்லிமீட்டர், பன்னிரண்டைக் கோத்தால் 2.25 மீட்டர், முன்னால் இரண்டு மின்சார இன்ஜின் வைத்தால் அவன் பலகை முடிந்துவிடும், ரயில் நகர இடமில்லை. 1:87ல் ஒரு வேகன் 138 மில்லிமீட்டர், பன்னிரண்டும் சேர்ந்து 1.66 மீட்டர்தான். அவனுக்கு வேண்டியது ரயில், அதுவும் நீளமான ரயில். நிலக்கரிச் சுரங்கப் பகுதியான எர்மெலோவிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்குப் போகிற நிஜ வண்டியில் 200 வேகன் இருக்கும், கடைசி வேகன் வருவதற்குள் டீ குடித்துவிடலாம். 12 என்பதே அதற்கு ஒரு மரியாதைக்காகத்தான். அதனால் அவனுக்கு 1:87, 16.5 தண்டவாளம். தண்டவாளம் அகலம் என்று எவராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அது தெரியவே தெரியாது, அவன் பலகை சுவரோரம்தான் இருக்கிறது.

சரி, வாங்குகிற வழி. பழைய பொருள் விற்கிற இடங்களில் இங்கே இன்னும் அதிகம் கிடைப்பது லிமா. அந்த இத்தாலியக் கம்பெனி நம் ரயில்வே வண்ணங்களில் இன்ஜின்களும் பெட்டிகளும் விற்றது, என் வயதுக்காரர்கள் பலருக்கு முதல் ரயில் அதுதான், 2004ல் ஹார்ன்பி அதை வாங்கிக்கொண்டது. குறை என்னவென்றால் சக்கரம். விளிம்பு அத்தனை ஆழம், மெல்லிய தண்டவாளத்தில் விட்டால் ஆணித் தலைகளில் தடதடவென்று இடிக்கும், பிளாஸ்டிக் சக்கரம் என்பதால் அழுக்கையும் வாரிக்கொள்ளும். சக்கரத்தை உலோகத்துக்கு மாற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க நிலக்கரி வேகன்களை வாங்கி வண்ணம் மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள், அதில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வேகனில் இரண்டு வகை உண்டு, அடியில் கதவு திறந்து கொட்டும் சரிவான முனை வைத்தது ஒன்று, தொட்டி மாதிரி தட்டையான தரை கொண்டது இன்னொன்று. ரிச்சர்ட்ஸ் பேயில் வேகனை அப்படியே புரட்டிக் கவிழ்க்கிறார்கள், எனவே நமக்கு வேண்டியது தொட்டி வகை. சரிவு முனையை வாங்கிச் செங்காவி அடித்தால் தெரிந்தவன் சிரிப்பான். தொட்டி வகையிலும் கூட, அமெரிக்க வேகன் நம்முடையதைவிட உயரமும் அகலமுமாக நிற்கும், நம் இன்ஜினுக்குப் பின்னால் கோத்தால் வீட்டுக்கு வந்த பெரிய உருவ மாப்பிள்ளை மாதிரி வாசலை அடைத்துக்கொண்டு இருக்கும்.

இந்த வழிக்கு யார் போகலாம்? கையில் கத்தி பிடிக்கவே பயம், ஆனால் வண்ணத்தில் ஆசை என்றால் போகலாம். துரு பூசிப் பழக லிமா வேகனைவிட நல்ல பலகை கிடையாது, கெட்டால் கண்ணீர் வராது.

முப்பரிமாணப் பிரிண்டரைப் பற்றி எல்லோரும் ஆசையோடு கேட்கிறார்கள். ரெசின் பிரிண்டரில் வரும் நுணுக்கத்துக்கு என் கை ஈடு கொடுக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கணினியில் வேகனை வரைய வேண்டும், அது ஸ்டைரீன் வெட்டுவதைவிட நேரம் பிடிக்கும், வேறு யாராவது வரைந்த கோப்பு கிடைத்தால்தான் லாபம். நீளமான மெல்லிய சுவர் காய்ந்ததும் வாழை இலை மாதிரி வளையும். ஈர ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், கையுறையும் திறந்த ஜன்னலும் இல்லாமல் தொடக் கூடாது, கழுவிய ஆல்கஹாலைச் சிங்க்கில் ஊற்றவும் கூடாது. இதெல்லாம் பெரியவர்கள் சமாளிக்கிற விஷயம்தான். எனக்கு மனம் விட்டுப்போனது 2023ல், தினமும் மின்வெட்டு இருந்த காலம். ஐந்து மணி நேரம் ஓடிய பிரிண்டு, இன்னும் 40 நிமிடம்தான் பாக்கி, பட்டென்று இருட்டு. மின்சாரம் வந்த பிறகு பார்த்தால் பாதி வேகன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது, வௌவால் போல. இப்போது அந்தத் தொல்லை குறைந்துவிட்டது, அதனால் இந்தக் காரணத்தை நான் பெரிதாக வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் போகிகளை மட்டும் பிரிண்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றே அக்கா மகனிடம் சொன்னேன், அது சின்னது, கெட்டியானது, வளையாது, கையால் செய்வதும் பெரும் பாடு.

இப்போது ஸ்டைரீன். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ஸ்டைரீன் தகடு என்பது ஏறக்குறைய தயிர்க் கப் பிளாஸ்டிக்தான், சீரான தடிமனில் விற்கிறார்கள், எவர்கிரீன் கம்பெனியின் தகடும் பட்டைகளும் எனக்குப் பழக்கம். சுவருக்கு 1 மில்லிமீட்டர், விலா எலும்பு போல வெளியே நிற்கும் செங்குத்துச் சட்டங்களுக்கு மெல்லிய பட்டை. கத்தியால் அறுக்க வேண்டியதில்லை, இரும்பு ஸ்கேலை வைத்து இரண்டு முறை கீறி மடக்கினால் பிஸ்கட் மாதிரி நேர்க்கோட்டில் ஒடியும். ஒட்டுவதற்குப் பசை இல்லை, கரைப்பான், பிரஷ் நுனியில் ஒரு துளி எடுத்து இடுக்கில் வைத்தால் அதுவாக ஓடி இரண்டையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். முதல் வேகனை நான் ஆசையாக அடித்தரையும் மூடி இரட்டைச் சுவரும் வைத்து டப்பா மாதிரி அடைத்துச் செய்தேன். மூன்று மாதத்தில் சுவர்கள் இரண்டும் உள்ளே குழிந்து, கன்னம் ஒட்டிப்போன கிழவர் மாதிரி ஆகிவிட்டது. அடைபட்ட இடத்தில் கரைப்பான் ஆவி வெளியே போக வழியில்லாமல் பிளாஸ்டிக்கையே மெதுவாக மென்மையாக்கியிருக்கிறது. இப்போது எந்த மூடிய பகுதியிலும் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் நான்கு ஓட்டை போட்டுவிடுவேன்.

பன்னிரண்டையும் இப்படியே செய்ய முடியுமா? ஒரு பக்கச் சுவரில் பத்துப் பதினொரு சட்டம் வருகிறது என்று வையுங்கள், இரண்டு பக்கம், பன்னிரண்டு வேகன், இருநூற்றைம்பது சட்டத்தை ஒரே இடைவெளியில் செங்குத்தாக ஒட்ட வேண்டும். முடிந்தால் உங்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன். வார்ப்பு வழியில் செய்ய வேண்டியது ஒரே ஒரு பக்கச் சுவர், ஒரே ஒரு முனைச் சுவர், அவ்வளவுதான், அந்த இரண்டையும் எத்தனை நாள் எடுத்துக்கொண்டு வேண்டுமானாலும் பொறுமையாகச் செய்யலாம். சட்டம் சரிந்திருந்தால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டலாம். ஏனென்றால் அதில் இருக்கிற கோணல் பன்னிரண்டிலும் வரும்.

பெட்டி முழுவதையும் ஒரே வார்ப்பாக எடுக்கப் பார்க்காதீர்கள், அதற்கு இரண்டு துண்டு அச்சு வேண்டும், மூலையில் எல்லாம் காற்று மாட்டிக்கொள்ளும். தட்டையாக, சுவர் சுவராக வார்த்தெடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் மூலச் சுவரை முகம் மேலே தெரிய ஒட்டி, சுற்றி வரப்பு கட்டி, சிலிகான் ரப்பரை ஒரு மூலையிலிருந்து நூல் போல மெல்லிசாக ஊற்றினால் அது தானாகப் பரவிக் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். மறுநாள் உரித்தால் அச்சு தயார். அதில் இரண்டு பாகம் பாலியூரித்தேன் ரெசினைச் சம அளவில் கலந்து ஊற்றி, மேலே ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து மெதுவாகப் படியவிட்டுத் தட்டையான பலகையால் அழுத்தி வைத்தால் பின்பக்கமும் மட்டமாகிவிடும், உப்புத்தாள் போடும் வேலை பாதியாகக் குறையும். கலந்தபின் கையில் இருப்பது சில நிமிடம்தான், அதற்குள் ஊற்றியாக வேண்டும், அப்போது போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

டர்பன்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ரெசினின் ஒரு பாகத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அதோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி நுரைக்கும், சுவர் ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாக வரும். ஜனவரியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மாலை, நான் வார்த்த ஆறு சுவரும் அப்படித்தான் வந்தன. புட்டியும் பழையது, மூடி சரியாக இறுகாதது. இப்போது ஜூன், ஜூலையில் காலைப் பொழுதில்தான் வார்ப்பு, புட்டியைத் திறந்து ஊற்றியவுடன் இறுக்கி மூடி, அரிசிச் சாக்குக்குள் போடும் ஈர உறிஞ்சிப் பொட்டலங்களோடு டப்பாவில் வைக்கிறேன். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவர்களுக்குக் குளிர்காலக் காற்று அத்தனை வறட்சி.

எடை. அமெரிக்க மாடல் சங்கமான என்எம்ஆர்ஏ 1:87 வண்டிகளுக்குச் சொல்லும் கணக்கு ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 138 மில்லிமீட்டர் வேகனுக்கு அது சுமார் 105 கிராம் வருகிறது. வெறும் வேகன் அதில் பாதிகூட இருக்காது, மீதியை நாம் சேர்க்க வேண்டும். இங்கே மீன் பிடிப்பவர்கள் அதிகம், ஈயக் குண்டு எங்கும் கிடைக்கும், அதை வெள்ளைப் பசையில் குழைத்து அடியில் அப்பிவிடலாம் என்று தோன்றும். தோன்றியது, செய்தேன். நான்கு வருடம் கழித்து ஒரு வேகனின் தரை மேலே உப்பி, மூலை பிளந்து, உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அந்தப் பசையிலிருந்து கசியும் அமிலமும் காற்றும் சேர்ந்து ஈயத்தை அரித்து வெள்ளை ஈயமாக்குகின்றன, அது முன்னைவிடப் பருமன். அதுவும் நஞ்சு வேறு. ஹார்டுவேர் கடையில் இரும்பு வாஷர் வாங்கி எபாக்ஸியால் ஒட்டுங்கள், முடிந்தது.

வேகன்களை ஒன்றோடொன்று கோக்கும் கப்ளிங்கில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். தென்னாப்பிரிக்க ரயில்வே 1927 முதலே பழைய மணி வடிவக் கப்ளிங்கை விட்டு, விரல் மடக்கிப் பிடிப்பது போன்ற கப்ளிங்குக்கு மாற ஆரம்பித்துவிட்டது. கடையில் கிடைக்கும் கேடி (Kadee) கம்பெனிக் கப்ளிங் பார்ப்பதற்கு அப்படியே அதுதான். பிரிட்டிஷ் மாடல் செய்கிறவர்கள் பெரிய கொக்கியை மறைக்கப் பாடுபடுவதைப் பார்த்து நாம் மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம். உயரத்தை மட்டும் அந்தக் கேடி கம்பெனியின் அளவுக் கருவியால் பார்த்துவிடுங்கள், ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மேட்டில் கழன்றுவிடும்.

வண்ணத்துக்கு ஸ்ப்ரே டப்பா போதும், முதலில் சாம்பல் நிற அடிப்பூச்சு, அதன் மேல் செங்காவி. எழுத்துதான் சங்கடம். எந்தக் காலத்து வண்டி என்று முடிவு செய்யாமல் எழுத்தைத் தொடாதீர்கள். 1981 வரை என்றால் தென்னாப்பிரிக்க ரயில்வேயின் பெயர்ச் சுருக்கம், ஆங்கிலத்தில் எஸ்ஏஆர், ஆஃப்ரிகான்ஸில் எஸ்ஏஎஸ், இரண்டும் சேர்ந்து, 1990க்குப் பிறகு ஸ்பூர்நெட், 2007க்குப் பிறகு டிரான்ஸ்நெட். ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரிப் பாதை 1976ல்தான் திறந்தது, அந்த வண்டியைச் செய்துவிட்டு நீராவி இன்ஜினைப் பூட்டி, பார்க்கிறவர்கள் புருவம் தூக்கினால் என்னைக் கேட்காதீர்கள். எழுத்து வெள்ளை நிறம், வீட்டுப் பிரிண்டர் வெள்ளை அடிக்காது, வெள்ளைத் தாளில் செங்காவிப் பின்னணியோடு அடித்தால் நிறம் பொருந்தாமல் பிளாஸ்திரி ஒட்டியது போல இருக்கும். வெள்ளை அடிக்கிறவர்களிடம் கொடுத்து நீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கராக வாங்கிக்கொள்வதே நல்லது, பன்னிரண்டு வேகனுக்கும் ஒரே தாளில் அடங்கும், வேகன் எண்களை மட்டும் வேறு வேறாகக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். ஒரு நண்பர் மறந்தார், ஒரே எண்ணில் பதினோரு வேகன்.

துருவுக்கு வருவோம், எனக்குக் கை பரபரப்பது இங்கேதான்.

டர்பனில் பேஹெட் ரயில் யார்டு பக்கம் போகும்போது சாலையோரம் நின்று கூட்ஸ் வேகன்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். துரு நடுச் சுவரில் சும்மா பூப்பதில்லை. உள்ளே நிலக்கரிக் கட்டி விழுந்து வெளியே புடைத்த இடத்தில் பூச்சு வெடிக்கிறது, அங்கே ஆரம்பிக்கும். சட்டமும் சுவரும் சேரும் வெல்டு ஓரத்தில், ஈரத் தூள் தங்கி நிற்கும் அடி மூலையில், ஆரம்பிக்கும். நடுவில் கறுத்த பழுப்பு, ஓரத்தில் ஆரஞ்சு, அதிலிருந்து கீழே மழை இழுத்த ஒரு மெல்லிய கோடு. போகியிலோ துரு கண்ணுக்கே தெரியாது, பிரேக் தூளும் மண்ணும் சேர்ந்து எல்லாம் ஒரே மங்கிய பழுப்பு. கறுப்பு என்று நாம் நினைப்பது எதுவுமே கறுப்பில்லை.

பூசுவதற்கு நான்கு வழி சொல்வார்கள். பவுடர் வழி சுலபம், பிரஷ்ஷால் தடவினால் போதும், ஆனால் விரல் பட்டால் அழியும், வார்னிஷ் அடித்தால் பாதி மறையும், எனவே அதைத் தொடாத இடத்துக்கு, அதாவது போகிக்கும் அடிப்பாகத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிஜத் துருவையே பவுடராக்கலாம், வினிகரில் நனைத்த இரும்பு நார் டர்பன் காற்றில் இரண்டே நாளில் உதிர்ந்துவிடும், அம்மியில் நுணுக்கிப் பழைய வேட்டித் துணியில் சலித்தால் அப்படி ஒரு நிறம். ஆனால் சலித்த தூள் மேல் கட்டாயம் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள், துருப்பிடிக்காத இரும்புப் பொடி மிச்சம் இருந்தால் அது நேராக இன்ஜின் மோட்டாருக்குள் போய் உட்காரும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் கழுவல் வேகமாகக் காயும், தவறினால் திருத்த நேரம் தராது, சுவரில் வட்ட வட்டமாகக் கறை நிற்கும். ஏர்பிரஷ் இருப்பவர்கள் அடிப்புறத்தில் தூசி படிந்த மாதிரி ஒரு மூட்டம் போடலாம், அதற்கு மேல் ஏர்பிரஷ்ஷால் துரு போட்ட வேகன்கள் எல்லாம் எனக்குப் புகை பிடித்த மாதிரிதான் தெரிகின்றன.

என் ஓட்டு ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்துக்கு. அக்ரிலிக் பூச்சின் மேல் மட்டும் இதைச் செய்யுங்கள், எனாமல் மேல் செய்தால் டர்பன்டைன் அடிப்பூச்சையும் சேர்த்துக் கரைக்கும். பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணங்கள் மூன்றையும் டியூபிலிருந்து அட்டைத் துண்டில் பட்டாணி அளவு பிதுக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், அட்டை எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு பூசினால் பளபளப்பு வராது. புடைத்த இடத்தில் ஊசி முனையளவு அம்பர் புள்ளி, அதைச் சுற்றிச் சியன்னா, சுத்தமான டர்பன்டைனில் நனைத்து ஒற்றி எடுத்த தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அதிகம் போனால் மறுபடி ஒரு இழுப்பு, அழிந்துவிடும். மறுநாள்வரை திருத்திக்கொண்டே இருக்கலாம், இதுதான் மற்ற மூன்றிலும் இல்லாதது. வேலை தெரியாதவனை மன்னிக்கும் வண்ணம் இது. வாசனை மட்டும் வீட்டில் சண்டையை வரவழைக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எந்த வழியானாலும் பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தி ஒரே வண்ணத்தில், ஒரே வாரத்தில் செய்யுங்கள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் கை தேறிக்கொண்டே வரும், முதலாவதும் பன்னிரண்டாவதும் வேறு ரயிலில் வந்தவை போல இருக்கும். எட்டு வேகன் சாதாரணம், இரண்டு பட்டறையிலிருந்து புதிதாக வந்தது, ஒன்று அழுகியது, ஒன்றில் ஒரு தகடு மட்டும் மாற்றிப் புதுச் செங்காவி. அவ்வளவு வித்தியாசம் போதும், எல்லாமே அழுகியிருந்தால் அது பழைய இரும்புக் கடை.

கடைசியாக அடிக்கும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் டர்பன் பிப்ரவரியில் வேண்டாம். டப்பாவிலிருந்து வரும் கரைப்பான் ஆவியாகும்போது சுவரைக் குளிரச் செய்து காற்றின் ஈரத்தை இழுத்துப் பதித்துவிடும், மேலே பால் தெளித்த மாதிரி வெளுப்பு. காவடி நாளில், கோயிலிலிருந்து வந்த உற்சாகத்தில் நான் அடித்த நான்கு வேகன் விபூதி பூசிக்கொண்டு நின்றன. வறண்ட நாளில் அதே வார்னிஷ்ஷை மெல்லிசாக மறுபடி அடித்ததில் மூன்று தெளிந்தன, நான்காவது இன்றும் பக்திமான்.

சுமைக்கு நிஜ நிலக்கரிதான், சுத்தியலால் உடைத்து டீ வடிகட்டியில் சலித்தால் போதும். பிராய் போடும், அதாவது வெளியில் இறைச்சி சுடும், அடுப்புக் கரி வேண்டாம், அது மங்கலாக இருக்கும், நிலக்கரியின் அந்தச் சின்ன மினுமினுப்பு வராது. தெர்மோகோல் துண்டின் மேல் ஒட்டி அடியில் ஒரு வாஷர் வைத்தால் காந்தத்தைக் காட்டி அப்படியே தூக்கி எடுக்கலாம், போகும்போது நிறைந்த ரயில், வரும்போது காலி. காலியாக ஓட்டுவதென்றால் உள்பக்கத்தையும் பூச வேண்டும், கரி உரசி உரசிப் பூச்சு போன இரும்பு, அது தனி வேலை. அக்கா மகன் இப்போதைக்கு நிறைந்த ரயில் மட்டும் போதும் என்றுவிட்டான்.

மூலச் சுவரை அவனே செய்தான், என்னிடம் கொண்டுவந்து காட்டினான், மூன்றாவது சட்டம் அரை மில்லிமீட்டர் சரிந்திருந்தது, பிய்த்து ஒட்டச் சொன்னேன், முனகிக்கொண்டே செய்தான். ஜூலையில் என் வீட்டு மேசையிலேயே வார்த்தோம். இதுவரை ஏழு வேகன் நிமிர்ந்து நிற்கிறது. ஐந்தாவதின் கீழ் மூலையில் ஒரு பட்டாணி அளவு காற்றுக் குமிழி, அதை நிரப்பட்டுமா என்று கேட்டான். வேண்டாம், ஓரத்தை ஊசியால் கொஞ்சம் கீறி விடு, அந்த அழுகின ஒன்று இதுதான் என்றேன்.